நான் பிரிக்காத கட்டு

எழுபதுகளின் கடைசியில் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியை ஒட்டிய நர்சிங் ஸ்கூலில் படித்தேன். சொந்த ஊர் துறையூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். படிப்பு இல்லையென்றால் கல்யாணம் என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள்.

கடைசி வருடச் செய்முறைத் தேர்வில் எனக்குச் சீட்டில் விழுந்தது, சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் வேலை. நோயாளி வையம்பட்டியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா. வெளியூர்த் தேர்வாளர் மதிப்பெண் தாளோடு கட்டிலின் கால்மாட்டில் நின்றார். சுற்றிலும் திரை இழுத்திருந்ததால் உள்ளே காற்றே இல்லை.

"அம்மா, கட்டு மாத்தப் போறேங்க."

அந்த அம்மா வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். "வேணாம் பாப்பா. காலையிலேருந்து உன்ன மாதிரி ரெண்டு பொண்ணுங்க பிரிச்சுக் கட்டிட்டாங்க. உசிரு போவுது."

உண்மைதான். எனக்கு முன்னால் போன இரண்டு பேருக்கும் இதே கால்தான். கட்டின் ஓரத்தில் புது ரத்தம் ஊறியிருந்தது.

"வேற பேஷண்ட் குடுங்க மேடம்" என்றேன்.

"வேற ஆள் இல்ல. சமாதானம் சொல்லிச் செய்யறதும் பரீட்சைதான். ஆரம்பி."

மருந்துத் தண்ணீரில் நனைத்து மெதுவாக எடுப்பதாகச் சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். பிறகு காலை நீட்டினார். "நீ பாஸாவணும்னா பிரிச்சுக்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுத்துக்கொண்டே இருந்திருந்தால்கூடச் செய்திருப்பேனோ என்னவோ. அப்படிச் சொன்ன பிறகு கை வரவில்லை. இடுக்கியைத் தட்டில் வைத்தேன்.

ஃபெயில். ஆறு மாதம் அதே வார்டில், எனக்கு இளையவர்களோடு மறுபடி பயிற்சி. சேதி கேட்டு அப்பா பஸ் பிடித்து வந்தார்.

"என்னம்மா தப்புப் பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலப்பா. அதுக்குத்தான் ஃபெயில் போட்டுட்டாங்க."

அவருக்குப் புரியவில்லை. "வந்துடறியா?" என்று மட்டும் கேட்டார். ஊருக்குப் போனால் கல்யாணம்தான், படிப்புக்குத் திரும்ப முடியாது என்று தெரியும். இருக்கிறேன் என்றேன்.

அடுத்த தேர்வில் ஒரு பெரியவர். கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயே திறக்காமல் கிடந்தார். நான் எதுவும் கேட்காமல் பிரித்துக் கட்டினேன். கை வேலை சுத்தம் என்று தேர்வாளர் பாராட்டி பாஸ் போட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எண்பதுகளில் அதே ஸ்கூலில் ஆசிரியையானேன். தேர்வில் ஒரு புண்ணை ஒரு நாளில் ஒரு முறைதான் பிரிக்கலாம் என்று சண்டை போட்டு உத்தரவு வாங்கினேன். ஒரு வருடம் தேர்வுக்கு நோயாளிகள் போதாமல், மிச்சப் பெண்களைத் துணிப் பொம்மைக்குக் கட்டுப் போட வைத்தேன். பொம்மைக்குப் போட்ட கட்டு செல்லாது, அவர்கள் ஆறு மாதம் மறுபடி பயிற்சி எடுக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. அந்தப் பெண்களை உட்காரவைத்து அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.