பொட்டு இருந்த இடம்

என் புருவங்களுக்கு நடுவே தோல் வெளுத்திருப்பதை முதலில் பார்த்தது அம்மாதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, “ஏட்டி, இது என்ன, பவுடரு திட்டா நிக்குது?” என்று முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். அப்போதும் போகவில்லை. மிளகு அளவு வெள்ளை, காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி வட்டமாக.

அப்பா இறந்த பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் நாங்கள் இருவர் மட்டுந்தான். எனக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் பரிசோதனை லேபில் வேலை. நூலில் ஒரு தடிப்பு தெரிந்தால் அது எந்த மெஷினில், எதனால் விழுந்தது என்று தேடிக்கொண்டே போவதுதான் என் பிழைப்பு. சொந்த நெற்றியில் விழுந்த தடயத்தை மட்டும் பல நாள் தேமல் என்றே நினைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. உற்றுப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “வெண்குஷ்டமா இருக்கப் போவுதுக்கா” என்றாள். அந்த வாரமே அம்மா வெள்ளிக்கிழமை உபவாசத்தைத் தொடங்கினாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும். சாயங்காலம் சர்ச்சில் ஜெபம் முடிந்த பிறகுதான் சாப்பாடு. இரவில் ஜெப எண்ணெயைத் தொட்டுச் சரியாக அந்த வட்டத்தின் மேல் தேய்ப்பாள். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, காலையில் மாத்திரை உண்டு. “உனக்கு சுகர் இருக்குல்லம்மா” என்றால், “கர்த்தருக்குத் தெரியாதா?” என்பாள்.

மூன்று வெள்ளி போன பிறகு ராஜபாளையத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் பஞ்சைத் திரித்து என் நெற்றியில் தொட்டு, “தெரியுதா?” என்றார். தெரிந்தது. தொடு உணர்ச்சி போயிருந்தால் வேறு நோயைத் தேட வேண்டியிருக்குமாம். அறை விளக்கை அணைத்துவிட்டு ஊதா வெளிச்சம் வீசும் ஒரு சின்ன விளக்கைக் காட்டினார். எதிர்க் கண்ணாடியில் என் வட்டம் பளிச்சென்று எரிந்தது. பயத்தையும் மீறி எனக்கு அந்த விளக்கு பிடித்துவிட்டது. எங்கள் லேபிலும் நூல் கலப்படம் பார்க்க இதே ஜாதி விளக்கு ஒன்று இருக்கிறது.

“வெண்குஷ்டமா டாக்டர்?” என்றாள் அம்மா.

“குஷ்டம்னு சொல்லாதீங்கம்மா. அதுக்குப் பேரு வெண்புள்ளி. யாருக்கும் ஒட்டாது. உடம்பே தன்னோட நிறத்தை அழிச்சுக்கிடுறது.” பேசிக்கொண்டே என் உதடு, விரல் நுனி, முழங்கை எல்லாம் பார்த்தார். “ஆனா வேற எங்கயும் இல்ல. இது ரொம்ப வட்டமா வேற இருக்கு. ஸ்டிக்கர் பொட்டு வைப்பீங்களா?”

அம்மா முந்திக்கொண்டாள். “நாங்க கிறிஸ்தவங்க டாக்டர். பொட்டுங்கிற பேச்சே எங்க வீட்ல கிடையாது.”

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதை. “இல்ல டாக்டர்” என்றேன்.

உண்மை என்னவென்றால், இரண்டு வருடமாக நான் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். லேபில் கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி ஒருநாள், “கோலம் போடாத வாசல் மாதிரி இருக்குக்கா உங்க நெத்தி” என்று சொல்லி ஒரு மெரூன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். அழகாக இருந்தேன். காரணம் அவ்வளவுதான், அதில் மதமும் இல்லை, புரட்சியும் இல்லை. அன்றிலிருந்து மில் வேன் ஊர் எல்லையைத் தாண்டியதும் ஒட்டுவேன், திரும்பும்போது உரிப்பேன். உரித்ததை ஐடி கார்டின் முதுகில் ஒட்டி மறுநாளும் எடுத்துக்கொள்வேன். மற்றவர்களுக்குக் குளியலறைக் கண்ணாடி, எனக்கு ஐடி கார்டு. நூல் அறாமல் இருக்க மில்லுக்குள் எப்போதும் ஈரக்காற்று விடுவார்கள். எட்டு மணி நேரம் பொட்டுக்கு அடியில் வேர்வை கசகசக்கும். அரிக்கும். சொறிந்துகொள்வேன்.

நான் சொன்ன பொய்யை நம்பி டாக்டர் தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார், ஒரு களிம்பு எழுதினார், ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். அம்மா வீட்டுக்கு வந்து காலண்டரில் அடுத்த வெள்ளிக்கிழமையைப் பார்த்தாள்.

அன்றே பொட்டை நிறுத்திவிட்டேன். ஆனால் அதுதான் காரணம் என்று எப்படி உறுதிசெய்வது? பரிசோதனைக்காரியின் புத்தி சும்மா இருக்குமா! ஒரு புது ஸ்டிக்கரை இடது கையின் உட்புறம் ஒட்டி, மேலே பிளாஸ்திரி போட்டேன். வலது கையில் வெறும் பிளாஸ்திரி. பிளாஸ்திரியே அரித்தால் ஸ்டிக்கர் மேல் பழி போடக் கூடாதல்லவா? இரண்டு நாள் முழுக்கைச் சட்டையோடு அலைந்தேன். பிரித்தபோது வலது கை சுத்தம். இடது கையில் பொட்டின் அளவுக்கே சிவந்து, தடித்து, அரித்துக்கொண்டிருந்தது. வெட்கத்தைச் சொல்லத்தான் வேண்டும், அப்போது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். கண்டுபிடித்துவிட்டேன்!

கண்டுபிடித்ததை அம்மாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டதில் ஆறாவது வெள்ளி வந்துவிட்டது. அன்று எனக்கு வார விடுமுறை. பதினொரு மணி வாக்கில் துணி துவைக்கும் கல்லின் பக்கத்தில் அம்மா உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் வேர்வை. கை நடுங்கியது. “ஒண்ணுமில்லட்டி, செத்த நேரத்துல சரியாயிரும்” என்றாள். மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்ததில் சர்க்கரை இறங்கிவிட்டிருந்தது. அவள் வாயில் சீனியை அள்ளிப் போட்டுத் தண்ணீர் கொடுத்தேன். அவள் கை என் கைக்குள் ஆடிக்கொண்டே இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் என்னை நினைத்ததில்லை.

நடுக்கம் நின்றதும் ஐடி கார்டைத் திருப்பிக் காட்டினேன். கையையும் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “ஆறு வெள்ளிக்கெழம. ஒரு ஸ்டிக்கருக்காட்டி நான் பட்டினி கெடந்தேன்?” என்றாள். எழுந்து போய்க் காலையில் மிஞ்சிய இட்லியை எடுத்துத் தின்றாள். நான்கு இட்லி. என் பக்கம் திரும்பவே இல்லை. அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் தனியாகப் போய் டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். நானே கையில் சோதனை செய்ததற்கும் சேர்த்துத் திட்டினார். சில ஸ்டிக்கர்களின் பசையில் உள்ள ஒரு ரசாயனம், சிலருடைய தோலில் நிறம் உண்டாக்கும் செல்களைக் கொன்றுவிடுமாம். எல்லோருக்கும் அல்ல, யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாதாம். களிம்பை மாற்றி எழுதினார். “நிறம் திரும்பலாம், கொஞ்சம் திரும்பாமலும் போகலாம். பாப்போம். அன்னைக்கே சொல்லியிருந்தா ரத்தம் எடுத்த ஊசியாவது மிச்சம்.” எனக்கு ஊசியைப் பற்றிய நினைப்பே இல்லை.

அடுத்த வெள்ளி காலை. அம்மா தோசை ஊற்றித் தன் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அடுப்படியில் ஒரு தட்டுதான் இருந்தது.

“எனக்கும்மா?”

“இன்னைக்கு உன் உபவாசம். தோல டாக்டரு பாத்துக்கிடுவாவ. பொய்ய யாரு பாத்துக்கிடுவா?” பிறகு சட்னியைத் தொட்டுக்கொண்டே சொன்னாள்: “ஆறு வெள்ளி. கணக்குல கொறைக்காத.”

ஆறு வெள்ளியும் இருந்தேன். மில்லில் மத்தியானம் எல்லோரும் டப்பா திறக்கும் நேரத்தில் மாடிக்குப் போய்விடுவேன். நான்காவது வாரம் லேப் கண்ணாடியில் பார்த்தபோது வெள்ளை வட்டத்துக்குள் கடுகு அளவில் இரண்டு பழுப்புப் புள்ளிகள் முளைத்திருந்தன. அவை எந்தப் பக்கம் பரவும் என்று தினமும் பார்க்கத் தோன்றியது. இன்றும் பார்க்கிறேன், ஓரத்தில் ஒரு பிறை இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

ஆறாவது வெள்ளி சாயங்காலம், சர்ச்சிலிருந்து வந்து அம்மா என் முன்னால் தட்டை வைத்துச் சோறு போட்டாள். பிசையக் கை வைத்தேன். விரல்கள் நடுங்கின. எனக்குச் சர்க்கரையும் இல்லை, வயதும் ஆகவில்லை. அம்மா என் கையைத் தட்டிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அவளே பிசைந்தாள்.