அப்பா வாசித்த கூட்டறிக்கை

எங்கள் அன்பு அப்பா வெருகலில் ஆற்றோரத்து வயல்காரர் ஒருவருக்கு நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். இளவயதில் வேலை தேடித் திருகோணமலைக்கு வந்து, துறைமுகக் களஞ்சியமொன்றில் கணக்கெழுதும் லிகிதராகச் சேர்ந்து, அம்மாவைக் கைப்பிடித்து, சீனன்குடாவுக்கு அண்மையிலுள்ள எங்கள் ஊரிலேயே நிலைகொண்டார். நினைவு மலர் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று அம்மா சொன்னார், தொடங்கிவிட்டேன். இனி என் போக்கில் எழுத விடுவார் என்று நம்புகிறேன்.

அப்பா நீண்ட காலம் எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். எந்தக் கூட்டமானாலும் தேவாரத்துக்குப் பிறகு சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசிப்பார். "இதில ஆருக்கும் திருத்தம் இருக்கோ?" என்று கேட்டு, ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்த பிறகுதான் மற்றக் கதை. தேத்தண்ணீர் ஆறுகிறது என்று வந்தவர்கள் முணுமுணுத்தாலும் ஒரு வரியையும் விடமாட்டார். நீல மட்டை போட்ட பெரிய அறிக்கைக் கொப்பியை அலுமாரியில் அம்மாவின் கூறைச்சேலைக்கு மேலேயே வைத்திருந்தார். அதில் அம்மாவுக்கு வாழ்நாள் முழுவதும் குறை.

வீட்டிலும் அதே சட்டம்தான். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது ஒருமுறை வெருகல் திருவிழாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு மறந்துபோனார். நான் அதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு, அடி விழும் என்று பயந்திருந்தேன். அப்பா வாசித்துவிட்டு, "ஓம், சொன்னனான்தான்" என்றார். திருவிழா முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. மறுநாளே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு எங்களை பஸ்ஸில் ஏற்றினார். யன்னலோரத்தில் என்னை மடியில் வைத்துக்கொண்டு வழிநெடுக ஊர்ப்பெயர்களைச் சொல்லி வந்த அந்தக் குரல் இப்போதும் காதுக்குள் இருக்கிறது.

இனிச் சுடலைப் பாதைக்கு வருகிறேன். போருக்குப் பயந்து இடம்பெயர்ந்து நாங்கள் திரும்பி வந்தபோது, ஊரிலிருந்து கடற்கரைச் சுடலைக்குப் போகும் பாதைக்குக் குறுக்கே படையினர் போட்ட முள்ளுக்கம்பி வேலி நின்றது. எங்கள் வாசற் படலையால் வெளிக்கிட்டு வலப்பக்கம் திரும்பினால் பத்து நிமிட நடை. அதன் பிறகு ஊரில் எவர் கண்மூடினாலும் இடப்பக்கம் திரும்பி, பிரதான வீதியால் சுற்றி, வாகனத்தில் நகரத்துச் சுடலைக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. அம்மாவின் தாய் தகப்பன் எரிந்த மண் வேலிக்கு அப்பால் கிடந்தது.

அந்தப் பாதையைத் திறந்து தருவதாகச் சொன்னவர் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர். எங்களுக்காகப் பேச எங்களுக்கு இருந்தது அந்த ஐயா ஒருவர்தான். ஊரே அவர் பக்கம், அப்பா எல்லாருக்கும் முன்னால். தேர்தல் வந்தால் குசினியில் கோதுமை மாப் பசை காய்ச்சி, வாளியைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு சுவரொட்டி ஒட்டப் புறப்பட்டுவிடுவார். அம்மாவின் நல்ல பானைகள் இரண்டு ஐயாவின் வெற்றிக்கே போயின.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்தலுக்காக ஐயா மறுபடியும் ஊருக்கு வந்தார். நிறைகுடம், நாதஸ்வரம், கழுத்து நிறைய மாலைகள். பொன்னாடை போர்த்தியவர் அப்பாவேதான். போர்த்திவிட்டு, வழக்கம்போலக் கொப்பியைத் திறந்தார்.

"ஐயா அவர்கள் சென்ற முறை இங்கு வந்த கூட்டத்தில், வருகிற தைப்பூசத்துக்கு முன் சுடலைப் பாதையைத் திறப்பித்துத் தருவதாகக் கூறினார். அதன் பின் நான்கு தைப்பூசங்கள் கழிந்துவிட்டன. பாதை திறக்கப்படவில்லை. இதுபற்றி ஐயாவின் விளக்கத்தைச் சபை எதிர்பார்க்கிறது."

சபை அப்படி எதையும் எதிர்பார்க்கவில்லை. சங்கத் தலைவரும் அப்பாவின் உயிர்த் தோழருமான கனகு மாமா பாய்ந்து வந்து மைக்கைப் பறித்தார்.

"மச்சான், உமக்கென்ன விசரே? எங்கட ஆளை நாங்களே சபையில கேள்வி கேட்டா மற்றவன் சிரிக்க மாட்டானே?"

"எங்கட ஆள் எண்டபடியாத்தான் கேக்கிறன், கனகு. மற்ற ஆளிட்ட நான் ஏன் கேக்கப் போறன்?"

மைக் இல்லாமலே அது கடைசி வரிசை வரை கேட்டது. ஐயா சிரித்தபடி மணிக்கூட்டைப் பார்த்தார். பாதையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை குசினியில் பசை மணம். அதே ஐயாவின் சுவரொட்டிகளை அப்பா சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, இதென்ன கூத்து? நேற்று அந்தாளோட பிரச்சினை, இண்டைக்கு அந்தாளுக்கே பசை காய்ச்சுறியள்!" என்றார் அம்மா.

"வாக்கும் அவருக்குத்தான். கேள்வியும் அவருக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அப்பா பெடலை மிதித்தார்.

ஊர் அதை விளங்கிக்கொள்ளவில்லை. காட்டிக்கொடுத்தவர் என்றார்கள். செயலாளர் பதவியை எடுத்தார்கள். அதோடு கூட்டறிக்கை வாசிக்கும் வழக்கமே நின்றுபோனது. கனகு மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை விட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. அப்போது நான் தொலைவில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு இடமாற்றம் கிடைக்க ஐயாவின் சிபாரிசுக் கடிதமொன்றை நம்பியிருந்தேன். "உங்கட வாயால எனக்கு எல்லாம் போச்சுது அப்பா. ஊருக்குள்ள தலைகாட்ட ஏலாமல் கிடக்கு" என்று கத்தினேன். அப்பா நீலக் கொப்பியை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார். பின்னர் இடமாற்றம் எவருடைய கடிதமும் இல்லாமல் என் முறைக்கு வந்தது. அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வெட்கத்தோடு இங்கே எழுதுகிறேன்.

சிறுநீரக வருத்தத்தால் அப்பா திருகோணமலை ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசிக் கிழமை, என் கையைப் பிடித்து, "என்னையும் இடப்பக்கத்தாலதான் கொண்டு போவியள், என்ன?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இறுதிக்கிரியை அன்று ஐயா மலர்வளையத்தோடு வந்தார். அஞ்சலியுரைக்கு எழுந்தபோது, தலைமை தாங்கிய கனகு மாமா மைக்கைக் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்து, "பிள்ளை, அந்த நீலக் கொப்பியை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார்.

"ஐயா கொஞ்சம் பொறுங்கோ. போன கூட்டத்தின்ர அறிக்கை இன்னும் ஏற்றுக்கொள்ளப்படேல்லை. நான்தான் அண்டைக்குக் குழப்பினனான்."

அப்பாவின் கையெழுத்தில் இருந்ததை அழுதழுது வாசித்து முடித்தார். "இதில ஆருக்கும் திருத்தம் இருக்கோ?" என்று அப்பாவைப் போலவே கேட்டார்.

"நான் முன்மொழியிறன்" என்றார் அம்மா, அப்பாவின் தலைமாட்டில் இருந்தபடியே. நான் வழிமொழிந்தேன்.

ஐயா எழுதிவந்த தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "நான் செய்யேல்லை. என்ர பிழைதான். இந்த வருசம் முடிய முதல் பாதையைத் திறப்பிச்சுத் தருவன்" என்றார். கனகு மாமா நின்ற நிலையிலேயே அதைக் கொப்பியில் எழுதினார்.

பெண்கள் படலையோடு நின்றுவிடுவது எங்கள் வழக்கம். அப்பாவை ஏற்றிய வாகனம் இடப்பக்கம் திரும்பிப் போவதை நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்பாவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், செய்தி கேட்டவுடன் கிண்ணியாவிலிருந்து ஓடிவந்து எங்களோடு இருந்த களஞ்சியத் தோழர்களுக்கும், பந்தலிட்டு, சமைத்து, வந்தவர்களைக் கவனித்த அயலவர்களுக்கும், கனகு மாமாவுக்கும், நேரில் வந்து அஞ்சலி செலுத்திய உறுப்பினர் ஐயா அவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. ஐயா அன்று சொன்னது பதியப்பட்டுள்ளது. சங்கம் சென்ற கிழமை என்னைச் செயலாளராகத் தெரிவுசெய்திருக்கிறது. ஐயா வரும்போது நான் வாசிப்பேன்.