அக்கா கேட்ட சைக்கிள் வழி

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் சிலர் அட்டைப் படத்தைப் பார்த்து முகம் சுளிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பட்டுச்சேலை கட்டி ஸ்டூடியோவில் எடுத்த படமும் இருக்கத்தான் செய்கிறது. நான்தான் சைக்கிளோடு நிற்கும் படத்தைப் போடச் சொன்னேன். கோபித்துக்கொள்வதென்றால் என்னைக் கோபித்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது பத்து காஜா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அம்மா தவறிய பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போனார். என்னைப் படிக்க வைத்தார். பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம், தங்கச்சி படிக்கிறாள் என்று சொல்லியே திருப்பி அனுப்பினார். என் படிப்பு முடிந்தபோது கேட்டு வர யாரும் இல்லை. கம்பெனி தோட்டத்தை விற்றதும் ஈப்போ போகும் பெரிய சாலையோரத் தாமான் குடியிருப்பில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. நான் கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்துவிட்டேன். அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அதன்பின் அந்த வீட்டில் அக்கா தனி ஆள்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் உள்ள பள்ளிக்கூடக் கேண்டீனில் அவருக்குச் சமையல் வேலை. விடிவதற்கு முன்பே சைக்கிளில் கிளம்பிவிடுவார். கோயிலுக்கும் சந்தைக்கும் கிளினிக்குக்கும் அதுதான் வாகனம். மோட்டார் பழகக்கூடாதா என்று கேட்டால், "எனக்கென்ன அவசரம்லா, வீட்ல யாரு காத்துக்கிட்டு இருக்கா?" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

நம் ஆட்களுக்கோ அது பெரிய மானப் பிரச்சினை. வெளிநாட்டு வேலையாட்கள்தான் இப்போது சைக்கிளில் போகிறார்கள், நாமெல்லாம் முன்னேறிவிட்டோமாம். என் மகளின் நிச்சயதார்த்தத்தை ஈப்போவில் வைத்தபோது, மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று என் வீட்டுக்காரர் அக்கா ஓட்டிவந்த சைக்கிளை மண்டபத்துச் சமையற்கட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டுபோய்ப் பந்தல் துணியால் மூடிவைத்தார். அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். பந்தி பரிமாறி முடித்து, எல்லாரும் கார் ஏறிப் போன பிறகு துணியை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அப்புறம் சாலையை அகலப்படுத்தினார்கள். நடுவே தடுப்பு வந்தது. தாமான் வாசலுக்கு நேரே சாலையைக் கடக்க இருந்த இடைவெளியைச் சிமெண்டுக் கட்டைகளை வைத்து அடைத்தார்கள். கார்க்காரர்களுக்கு ஒன்றுமில்லை, தூரத்தில் போய் யூ-டர்ன் அடித்துத் திரும்பலாம். லாரிகளுக்கு நடுவே சைக்கிளில் அவ்வளவு தூரம் யார் போவது? அக்கா சைக்கிளைத் தூக்கிக் கட்டைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு தாமும் ஏறித் தாண்டுவார். மழையானாலும் அப்படித்தான்.

சட்டமன்ற உறுப்பினரின், அதாவது ஊரார் சொல்லும் ஒய்பியின், சேவை மையத்துக்குப் போய், சைக்கிள் நுழைகிற அளவுக்கு ஒரு வழி விடச் சொல்லிக் கேட்டார். இந்த வயதில் சைக்கிளா என்று பரிதாபப்பட்டு, ஒய்பியே அரிசியும் எண்ணெயுமாக வீட்டுக்கு வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். அக்காவுக்கு வந்ததே கோபம்! அத்தனையையும் கேண்டீனுக்குக் கொடுத்துவிட்டார்.

கொஞ்ச நாளில், உடல்நலத்துக்காக ஞாயிற்றுக்கிழமை சைக்கிளோட்டம் ஒன்றை ஒய்பி ஈப்போவில் நடத்தினார். அக்காவை முன்வரிசையில் நிறுத்த ஆசைப்பட்டார்கள். சாலையில் ஓட்டி வந்தால் ஆபத்து என்று, அவரையும் சைக்கிளையும் ஏற்றிவர லாரி அனுப்பினார்கள். அட்டைப் படம் அங்கே எடுத்ததுதான். அங்கேயும் அக்கா விடவில்லை.

"ஒய்பி, நீங்க என்னிக்கோ ஒரு நாளு ஓட்டுறீங்க, எல்லாரும் கைதட்டுறாங்க. நான் தெனம் ஓட்டுறேன், எனக்கு அரிசி கொடுக்குறீங்க. அரிசி வேணாம், வழி விடுங்க."

ஒய்பி நல்ல மனிதர், கோபிக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்: "ஒரு ஆளுக்காக அந்தக் கட்டைய எடுக்க முடியாதுக்கா."

பிறகு அக்காவுக்கு இருதயம் பலவீனமானது. பாரம் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். சைக்கிளைத் தூக்கவும் கட்டை ஏறவும் முடியாததால் வேலையும் நின்றது. வாசலில் உட்கார்ந்தால் எதிரே பள்ளிக்கூடம் தெரியும், மணி அடிப்பது கேட்கும். கேண்டீன் பெண்கள் அங்கிருந்து கையசைப்பார்களாம். கிள்ளானுக்கு வந்துவிடு அக்கா என்று கெஞ்சினேன். உன் வீட்டில் உப்பு வாங்கப் போவதற்குக்கூட ஒருத்தரைக் கூப்பிட வேண்டும் என்று மறுத்துவிட்டார். தீபாவளிக்குக் கார்கள் வரும், பலகாரம் தின்றுவிட்டுப் போகும். மற்ற நாள்களில் அக்கா யாரோடு பேசினார்?

ஒரு நாள் மதியம் அந்த வாசல் நாற்காலியிலேயே அக்கா உயிர் பிரிந்தது. கூய் பலகாரம் கொண்டுவந்த பக்கத்து வீட்டு மலாய் அம்மா, நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுபவர்தான் முதலில் பார்த்தார்.

இறுதிச் சடங்கன்று தாமான் முழுக்கக் கார். பிரேத வண்டியும் அத்தனை கார்களும் யூ-டர்ன் சுற்றிப் போனால் சாலையே அடைத்துக்கொள்ளும் என்று யாரோ சேவை மையத்துக்குப் போன் போட்டார்கள். கிரேன் லாரி வந்தது. கட்டைகளைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். அக்கா நேராகச் சாலையைக் கடந்து, பள்ளிக்கூடத்தைத் தாண்டி மின்சுடலைக்குப் போனார்.

அக்காவைக் கவனித்த டாக்டருக்கும் தாதியருக்கும், தினம் எட்டிப் பார்த்த மாக்சிக்குக்கும், வேலையை நிறுத்திவிட்டுச் சாலையோரம் வந்து நின்ற கேண்டீன் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கேட்ட சற்று நேரத்தில் ஆள் அனுப்பிய ஒய்பிக்கும், வெயிலில் கட்டைகளைத் தூக்கிய ஊழியர்களுக்கும் நன்றி. அவர்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை. நாங்கள் சுடலையிலிருந்து திரும்புவதற்குள் கட்டைகளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்கள்.