அத்தானின் சிவப்பு அட்டை

என் அக்கா புருஷனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன். கொழுந்தியாளுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி? இடி இடித்தால் அத்தான் ரப்பர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வார். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் அக்காவிடம் நீட்டிவிடுவார். வீட்டைப் பூட்டித் தெருமுனை வரை போனவர், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்காமல் பஸ் ஏறியதில்லை. ஜெராக்ஸ் கடையில் வேலை. காகிதத்தோடும் லேமினேஷனோடும் பிழைக்கிற மனிதருக்கு எதற்கு இத்தனை பயம் என்று கேட்டால், மெஷின் சூடாகுதே என்பார்.

அப்படிப்பட்டவர்தான் சாயங்காலமானால் ஒரு விமானம் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆகாயத்தில் பறந்தார். எல்லாம் வீட்டுப் பின்னறையில், கம்ப்யூட்டரில். விமானம் ஓட்டுகிற சிமுலேட்டர் விளையாட்டு. அவர் முன்னால் அதை விளையாட்டு என்று சொல்லிவிட முடியாது, முகம் வாடிவிடும். அந்த அறையில் ஒரு பழைய சோபா நாற்காலி, கைப்பிடி தேய்ந்த ஜாய்ஸ்டிக், பழைய மேசை. மேசைக்கு அடியில் கடையிலிருந்து கொண்டுவந்த ஏதோ ஒரு கனத்த பெட்டி. அதில் இடித்து ஒருமுறை என் கால் நகம் பெயர்ந்தது.

பயந்த மனிதருக்கு விமானம் எப்படிப் பிடித்தது என்று எனக்கு வெகு நாள் புரியவில்லை. பிறகு அவருடைய அட்டைகளைப் பார்த்ததும் புரிந்தது. நிஜ விமானிகள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டியல் வைத்திருப்பார்களாம். ஒருவர் வாசிப்பார், மற்றவர் செய்துவிட்டுப் பதில் சொல்வார். அத்தான் இணையத்திலிருந்து அந்தப் பட்டியல்களை எடுத்து, தமிழில் பெரிய எழுத்தாக்கி, கடையில் தடித்த தாளில் அச்சடித்து, மூலைகளை வளைவாக வெட்டி, லேமினேட் பண்ணி, வளையத்தில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். கிளம்ப மஞ்சள் அட்டை, இறங்கப் பச்சை அட்டை, ஆபத்துக்குச் சிவப்பு அட்டை. இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் அதற்கான பதில். எது நடந்தாலும் அடுத்து என்ன செய்வது என்று எழுதி வைத்திருக்கிற ஒரே இடம் உலகத்திலேயே அந்தப் பின்னறைதான். அதனால்தான் அவருக்கு அங்கே மட்டும் மூச்சு சீராக வந்தது.

துணைக்கு இன்னொரு விமானி இல்லாததால் இரண்டு வேலையையும் அவரே பார்த்தார். கனத்த குரலில் கேட்பார்: "பார்க்கிங் பிரேக்?" மெல்லிய குரலில் பதில் சொல்வார்: "போட்டாச்சு." அக்கா சமையலறையிலிருந்து, உள்ளே ரெண்டு பேரும் சமாதானமாகப் போங்கப்பா என்று குரல் கொடுப்பாள்.

நிஜப் பட்டியல் நீளமாக இருக்கிறதென்று அவர் சிலதை வெட்டியும் இருந்தார். எரிபொருள் எவ்வளவு என்ற கேள்வியை முதலில் எடுத்துவிட்டார். விளையாட்டை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் டேங்க் தானாக நிரம்பிவிடும், அதைப் போய் கேட்டுக்கொண்டிருப்பானேன் என்பது அவர் வாதம். நடுவானில் பயம் வந்துவிட்டால் இடது கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்துவார். விமானம் அப்படியே அந்தரத்தில் நிற்கும். இவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்.

பிறகு அக்காவுக்கு மூச்சு விட முடியாமல் போனது.

நுரையீரல் சுருங்கிவிட்டது, இனி வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்னறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் சக்கரம் வைத்த ஒரு மெஷின் வந்தது. அது கரண்டில் ஓடும், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும். அதிலிருந்து கட்டில் தலைமாட்டில் தொங்கும் ஒரு தண்ணீர் பாட்டில் வழியாக அக்காவின் மூக்குக்கு நீளமான குழாய், காற்று வந்தால் பாட்டிலில் குமிழி பொங்கும். குழாயைப் போட்டுக்கொண்டே அவள் சமையலறை வரை போய் வரலாம். கரண்டு போனால் மாற்றிக்கொள்ள ஒரு இரும்புச் சிலிண்டர். கொண்டுவந்து வைத்தவர், இது நாலைந்து மணி நேரம் தாங்கும் சார், இந்தப் பக்கம் அவ்வளவு நேரம் கரண்டு போகாது என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவால் குழாய் இல்லாமல் சிறிது நேரம்தான் சமாளிக்க முடியும். அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அத்தான் பேயறைந்த மாதிரி ஆனார். சோறு இறங்கவில்லை. சீலிங் ஃபேன் கொஞ்சம் மெதுவாகச் சுற்றினாலும் அண்ணாந்து பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த ஒரே வழியில் பயத்தைக் கட்டிப்போடப் பார்த்தார். ஒரு சிவப்பு அட்டை செய்தார். சிலிண்டர் வால்வு: திறந்தாச்சு. குழாய்: மாத்தியாச்சு. தண்ணீர் பாட்டிலில் குமிழி: வருது. அவ்வளவுதான். அதைக் கட்டில் தலைமாட்டில் மாட்டி, தினமும் கடைக்குக் கிளம்பும் முன்பும், வந்த பின்பும் ஒத்திகை பார்த்தார். நான் போகிற நாளில் என்னையும் வாசிக்க வைத்தார். வால்வைத் திறப்பார், குழாயை மாற்றுவார், குமிழி பொங்குவதைப் பார்த்துக் கண் குளிர நிற்பார், பிறகு எல்லாவற்றையும் பழையபடி வைப்பார். உங்க பொண்டாட்டி என்ன ஏர்போர்ட்டா என்று கேலி பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை வாசி என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அக்காவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி மூச்சு இருக்கிற அளவுக்குப் புறணி சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தான் பின்னறையில் பறந்துகொண்டிருந்தார், இஞ்சின் இரைச்சல் இங்கே வரை கேட்டது. ஃபேன் நின்றது. கரண்டு போனதும் அடிக்கும் அலாரத்தில் மெஷின் வீலென்று கத்தியது.

அந்தக் கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. அத்தான் ஓடிவந்து சிலிண்டர் பக்கம் மண்டியிட்டார், நான் அட்டையைப் பிடுங்கி வாசித்தேன்.

"சிலிண்டர் வால்வு?"

"திறந்தாச்சு."

"குழாய்?"

"மாத்தியாச்சு."

"குமிழி?"

"வருது."

பாட்டிலில் நாலு குமிழி வந்தது. அப்புறம் ஒன்று. அப்புறம் தண்ணீர் அசையாமல் நின்றது.

"எங்க அத்தான் வருது?"

"வருது," என்றார் மறுபடியும். வாய்தான் சொன்னது. சிலிண்டரின் கழுத்தில் சுவரைப் பார்த்தபடி, உள்ளே எவ்வளவு மீதி என்று காட்டும் ஒரு வட்டக் கேஜ் இருந்தது. அதை நான் எக்கிப் பார்த்தேன். முள் சிவப்பில் படுத்துக் கிடந்தது.

அதன் பிறகு நடந்தது ஒவ்வொன்றாக ஞாபகம் இருக்கிறது, எவ்வளவு நேரம் என்று மட்டும் தெரியவில்லை. நான் சிலிண்டர்காரருக்குப் போன் போட்டேன். வேறொரு வீட்டில் இறக்கிக்கொண்டிருந்தார், உடனே கிளம்பினாலும் நேரம் ஆகும் என்றார். அக்கா தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு இழுத்தாள். உதடு கறுக்கத் தொடங்கியது. அத்தான் வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்துப் போய்க் கட்டிலின் விளிம்பில் இடது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். என்ன செய்கிறார் என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்தரத்தில் நிறுத்துகிற பொத்தானைத் தேடுகிறார்.

அக்காதான் கையைத் தூக்கினாள். பின்னறைப் பக்கம் காட்டினாள்.

"அது... எப்படி... ஓடுது?"

இஞ்சின் சத்தம். வீடு முழுக்கக் கரண்டு இல்லை, மெஷின் கத்துகிறது, பின்னறையில் மட்டும் விமானம் நிம்மதியாகப் பறந்துகொண்டிருக்கிறது.

மேசைக்கு அடியில் இருந்த கனத்த பெட்டி ஜெராக்ஸ் மெஷினுக்கான யு.பி.எஸ். கடையில் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி, புது பேட்டரி போட்டு வைத்திருந்தார், நடுவானில் கரண்டு போய் விமானம் விழுந்துவிடக் கூடாதென்று. அந்த மனிதர் எல்லாவற்றுக்கும் பயந்தார், விமானத்துக்கும் பயந்தார், ஆனால் அந்தப் பெட்டியையும் அக்காவையும் சேர்த்து ஒரு தடவைகூட நினைக்கவில்லை. நானும்தான் நினைக்கவில்லை, நகம் பெயர்ந்தும்.

அத்தான் குழாயைத் திரும்ப மெஷினில் மாட்டி, அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். நான் குழாய் சிக்காமல் தூக்கிப் பிடித்தேன். அறையில் போய் விமானத்தின் பிளக்கைப் பிடுங்கினார். எந்த அட்டையையும் பார்க்கவில்லை, எந்தக் குரலிலும் பேசவில்லை. திரை அணைந்தது, கீபோர்டு கீழே விழுந்தது. மெஷினைச் செருகினார். அது ஒரு முறை கீச்சிட்டு, இருமி, ஓடத் தொடங்கியது. நான் முன்னறைக்கு ஓடி வந்து, இழுபட்டுக் கழன்றிருந்த குழாயை அக்காவின் மூக்கில் பொருத்தினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து, அக்காவின் பெயரைச் சொல்லாமல், குமிழி வருதா, குமிழி வருதா என்று அத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். வருது என்று கத்தினேன். "பாத்துச் சொல்லு," என்றார். பார்த்துத்தான் சொன்னேன்.

அத்தோடு எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது என்று சொல்ல முடியாது. யு.பி.எஸ் விட்டு விட்டுக் கீச்சென்றது, பேட்டரி இறங்க இறங்க அது வேகமாகக் கீச்சிடும் என்று அத்தான் சொன்னார். அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஒவ்வொரு கீச்சுக்கும் இடையில் மூன்று பேரும் காது கொடுத்து உட்கார்ந்திருந்தோம். இடைவெளி குறைய ஆரம்பித்தபோதுதான் படியில் இரும்பு இடிபடும் சத்தம் கேட்டது.

சிலிண்டர்காரர் புதியதை மாட்டிவிட்டு, காலியானதைத் தட்டிப் பார்த்தார். இதை நீங்க யூஸே பண்ணலைன்னீங்களே சார் என்று கேட்டார். பழகிப் பார்த்ததாக அத்தான் சொன்னார். எத்தனை தடவை என்று கேட்டதற்கு, தினமும் காலையில, சாயந்தரம் என்றார். சிலிண்டர்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அதுவாக நிரம்பாதே சார் என்று மட்டும் தணிந்த குரலில் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அத்தானை என்ன கேட்டிருப்பேனோ. அதற்குள் அக்கா சிரித்துவிட்டாள்.

"என்னைக் காப்பாத்தப் பழகியே... தீத்துட்டீங்களே," என்றாள். சிரிப்பு இருமலாகி, அது அடங்கும் வரை இரண்டு பேரும் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தான் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். விசும்பல் எங்களுக்குக் கேட்டது. அக்கா என்னைப் போக விடவில்லை.

இப்போது யு.பி.எஸ் அக்கா கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கரண்டு போனால் அத்தானின் விமானம் விழும். விழட்டும் என்கிறார். புதிதாக ஒரு சிவப்பு அட்டை மாட்டியிருக்கிறார். முதல் வரி, முள் எங்கே நிற்கிறது என்பது. வலது பக்கம் ஒன்றும் அச்சடிக்கவில்லை, எல்லா வரிக்கும் வெற்றிடம்தான். பதில் அங்கே இருந்தால் வாய் அதை வாசித்துவிடுகிறது என்றார். மஞ்சள் அட்டையையும் திரும்ப அடித்து எரிபொருளைச் சேர்த்துக்கொண்டார்.

அவர் பயம் போகவில்லை, எனக்கும் கொஞ்சம் வந்துவிட்டது. என் வீட்டில் விளக்கு அணைந்தால் முதலில் கை போனுக்குப் போகிறது.

போன வாரம் நான் போயிருந்தபோது பின்னறையிலிருந்து கனத்த குரல் கேட்டது.

"முள்ளு?"

பதில் சொல்ல வேண்டியவள் அக்கா. அந்த வேலையை இப்போது அவளிடம் கொடுத்திருக்கிறார். அவள் அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், ஜாய்ஸ்டிக்கோடு வயரும் இழுபட அத்தான் முன்னறை வாசலில் வந்து நின்றார்.

அக்கா டம்ளரை வைத்தாள். கழுத்தைத் திருப்பிக் கேஜைப் பார்த்தாள்.

"பச்சையில நிக்குதுங்க. போய் இறக்குங்க, பாவம், பிளேன்ல ஆளுங்க காத்திருப்பாங்க."

அவர் போகவில்லை. கிட்டே வந்து, குனிந்து, முள்ளைத் தானும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனார்.