கூரையைப் பார்த்த கண்ணாடி

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு எத்தனையோ வாடகைக் கார்களில் போயிருக்கிறேன். அவற்றை ஓட்டியவர்களில் ஒருவரைத்தான் சாரதி என்று சொல்வேன். ஒல்லியான மனிதர், தொப்பியைக் கழற்றியே நான் பார்த்ததில்லை. பின் ஆசனத்தில் பெண்கள் ஏறினால், பின்பக்கத்தைக் காட்டும் முன் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டுத்தான் காரை எடுப்பார்.

ஐம்பதுகளில் ஒரு மாரிகாலம். காய்ச்சலில் துவண்டுபோன என் மனைவியை அவருடைய காரின் பின்னால் படுக்கவைத்து, ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். நான் முன்னால் இருந்தேன். கண்ணாடி வழக்கம்போல் திரும்பியது.

"பின்னுக்கு என்ன வருதெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று ஆசிரியத் தோரணையில் கேட்டேன்.

"காது இரிக்கிதானே, மாஸ்டர்."

எனக்கு அது வீம்பாகப் பட்டது. அனல் தாங்காமல் மனைவி புரளும்போதெல்லாம் அவளுடைய காப்புகள் கிலுங்கிக்கொண்டிருந்தன. களுவாஞ்சிகுடியைத் தாண்டியதும் அவர் காரை ஓரங்கட்டினார்.

"கொஞ்ச நேரமாக் காப்புச் சத்தத்தக் காணல்ல, மாஸ்டர். திரும்பிப் பாருங்க."

அவள் மயங்கிக் கிடந்தாள். அதற்குள் அவர் இறங்கி, வயலைப் பார்த்து நின்றபடி, தண்ணீர்ப் போத்தலைப் பின்புறமாக நீட்டினார். முகத்தில் தெளித்தேன். சற்று நேரத்தில் கண் திறந்தாள். கை அசைந்து காப்பு கிலுங்கியது. என்னிடம் ஒன்றும் கேட்காமல் அவர் வந்து ஏறினார்.

அவள் முகத்தை அவர் கடைசிவரை பார்க்கவில்லை. பார்க்கக்கூடிய நானோ, அவர் சொல்லும்வரை பார்க்கவில்லை.