முற்றத்தின் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் குழாய்

புதுக் குழாயை ஒட்டிய பசையின் நெடி தண்ணீரில் இருந்தது, அந்தத் தண்ணீரில் வடித்த சோற்றில் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பையும் மீறி நாக்கில் நின்றது. ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் இரும்புக் குழாயைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்ட அந்தக் கோடை, நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் வந்தது. அதை இன்றும் மூக்கால்தான் நினைவு வைத்திருக்கிறேன்.

நடுவில் முற்றம், சுற்றிலும் குடித்தனங்கள், மாடியில் வீட்டுக்காரர். தெருவிலிருந்து காலையில் வரும் தண்ணீர், முற்றத்தின் குறுக்கே சுவருக்குச் சுவர், கை எட்டும் உயரத்தில் ஓடிய குழாய் வழியாகப் பின்பக்கத் தொட்டிக்குப் போகும். அந்த இரும்புக் குழாயைக் குழாய் என்று நினைத்தவர்கள் யாருமில்லை. துவைத்த துணிகள் எல்லாம் அதன்மேல்தான் காய்ந்தன. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய என் அப்பாவின் காக்கிக் கால்சட்டை முதல், பக்கத்துக் குடித்தனத்து ஃபிலோ அக்காவின் படுக்கை விரிப்பு வரை அத்தனையையும் அது பல வருடங்கள் முனகாமல் சுமந்தது. பிறகு துருப்பிடித்து, தண்ணீர் செம்மண் நிறத்தில் வரத் தொடங்கியதும், வீட்டுக்காரர் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாயை இறக்கினார்.

அப்பா அதை விரலால் சுண்டிப் பார்த்தார். "இது கொயாயா, கொயந்தைங்க ஊதுற பீப்பியா? ஒரு மாசம் தாங்குச்சின்னா என் பேர மாத்திக்கிறேன்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். கழற்றிய பழைய இரும்பு எந்தக் கடைக்குப் போனது என்றும் சேர்த்துக் கேட்டார். அரசாங்க வேலையில் ஆயுளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒன்று உடையும் முன்பே அது உடையும் என்று வாயால் சொல்பவன்தான் விசாரணையில் முதல் ஆள்.

குழாய் மாதம் முடியும் முன்பே நடு இணைப்பில் கழன்றது. ஒட்டினார்கள்; மறுபடி கழன்றது. எப்போதும் காலையில், மற்ற ஆண்கள் வேலைக்குப் போன பிறகு. இரவு ஷிப்டு முடித்து அந்த நேரத்தில் குடித்தனங்களில் இருந்த ஆண்பிள்ளை அப்பா ஒருவர்தான். வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்க்கும்போது, வெறும் குழாய் இரண்டாகத் தொங்கிக்கொண்டிருக்கும், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்கும், எதிரே தூக்கக் கலக்கத்தோடு அப்பா நின்றுகொண்டிருப்பார். இதற்கு மேல் வீட்டுக்காரருக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"இன்னொரு வாட்டி புட்டுக்கிச்சின்னா, சாமான் செட்ட தூக்கிகினு கெளம்பிக்கினே இரு" என்றார்.

வீட்டைக் காலி செய்வதுகூட அம்மாவுக்குப் பெரிதாகப் படவில்லை. "கொயாய ஒடச்சவன்னு பேர் வாங்கிகினு போனா, இந்த ஏரியாவுல எவன் நமக்கு வூடு குடுப்பான்?" என்பதுதான் அவர் கவலை. அது நியாயமான கவலை. ராயபுரத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் கூடி நிற்பவர்கள். அங்கே ஒருவர் உதட்டைப் பிதுக்கினால் போதும்.

அதன் பிறகு அந்த முற்றத்தில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தோம். பழைய இரும்பை விற்ற காசை அமுக்கிக்கொண்டு, புதுக் குழாய்ச் செலவை எங்கள் தலையில் கட்ட வீட்டுக்காரரே செய்யும் வேலை என்று அப்பா நினைத்தார். ஃபிலோ அக்காவின் கைவரிசை என்று அம்மா நினைத்தார். அம்மா நினைப்பது தெரிந்து, அக்கா குடத்தை வேண்டுமென்றே நங்கென்று வைத்தார். நான் யாரை நம்புவது என்று தெரியாமல், பள்ளிக்குப் போகும்போது குழாயை ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன்.

அப்பா இரவு முழுக்கக் கண் விழித்துவிட்டு வந்து, படுக்காமல், நேரே தெருமுனை டீக்கடைக்குப் போய் உட்காரத் தொடங்கினார். "நான் இங்கதான் கீறேன், பாத்துக்க தோஸ்து" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிவார். தண்ணீர் நின்ற பிறகுதான் வீட்டுக்கு வருவார். தான் சம்பவ இடத்தில் இல்லை என்பதற்குச் சாட்சி சேர்க்கும் மனிதரை நான் முதலில் பார்த்தது அங்கேதான். அவர் டீக்கடையில் இருந்தபோதே குழாய் மறுபடியும் கழன்றது. "ராத்திரி ஷிப்டுக்குப் போறதுக்கு முன்னயே லூஸ் பண்ணிட்டுப் போயிருப்பான்" என்றார் வீட்டுக்காரர். ஆனாலும் கையும் களவுமாகப் பிடித்த பிறகே காலி செய்ய வைப்பதென்று, அடுத்த ஞாயிறு பூசையைக்கூட விட்டுவிட்டு, குழாய்க்குக் கீழே நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார்.

அன்று அவர் வீட்டுக்கு விருந்தாளிகள் வர இருந்தார்கள். அவர் மனைவி ஜமக்காளத்தைத் துவைத்து, சரியாகப் பிழியாமல், தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்தார். வீட்டுக்காரரின் தலைக்கு மேலே அதைத் தூக்கிக் குழாயின்மேல் விசிறினார். குழாய் வில்லாய் வளைந்தது. இணைப்பு பட்டென்று கழன்றது. தண்ணீர் அவர் தலையில் நேராக இறங்கியது.

"இன்னாத்த பாத்துகினு கீற? ஜமக்காளம் நனையுது, புடி மொதல்ல!" என்று கத்திக்கொண்டே அந்த அம்மாள் அதை உருவி எடுத்தார்.

அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. ஒவ்வொரு முறையும் அந்த நேரத்தில் துவைத்தவர் யாரோ, துணி நனைகிறதே என்று பதறி, முதல் வேலையாக அதைத்தான் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். மிஞ்சியது வெறும் குழாய், எதிரே அப்பா. இரும்பின்மேல் துணி போட்டுப் பழகிய கைகளுக்கு, கீழே இருப்பது வேறு குழாய் என்பது உறைக்கவே இல்லை. இரவு முழுவதும் சுமைகளைத் தூக்கி இறக்கிய அப்பாவுக்கே தன் ஈரக் காக்கியின் எடை தோன்றவில்லை.

"இன்னா நைனா, இப்ப யார காலி பண்ணச் சொல்லப் போற? உன் வூட்டு அம்மாவையா?" என்றார் ஃபிலோ அக்கா.

வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, இது இன்னிக்கி. முன்ன ஒடஞ்சதெல்லாம்?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார். மன்னிப்பு என்ற சொல் அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை. அவர் துறைமுகத்துக்கு எதிரே கயிற்றுக் கடை வைத்திருந்தார் என்பதை இப்போதுதான் சொல்கிறேன். மறுநாள் முற்றத்தில், கப்பலையே இழுத்துக் கட்டும் அளவுக்குத் தடியான கயிறு ஒன்று சுவருக்குச் சுவர் கட்டப்பட்டிருந்தது. அப்பா ஷிப்டு முடிந்து வந்து, அதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்தார். மதியச் சாப்பாட்டுக்கு எழுப்பியும் எழவில்லை.

அந்த வீடும் முற்றமும் இப்போது இல்லை. நான் திருவொற்றியூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். இங்கே குழாய்கள் எல்லாம் சுவருக்குள் போய்விட்டன; எல்லோரும் பார்க்கக் கழன்று, ஒருவரை விடுவிக்கும் குழாய் எதுவும் மிச்சமில்லை. மாதக்கணக்கில் கீழ் வீட்டு அம்மாளின் கூரையில் ஈரம் படர்கிறது. முறைப்படி குடியிருப்போர் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்தேன், நகலில் கையெழுத்து வாங்கினேன், என் குளியலறைத் தரையில் வண்ணத் தண்ணீர் ஊற்றிச் சோதிக்கச் சம்மதித்தேன். வண்ணம் எங்கும் இறங்கவில்லை. ஈரம் மட்டும் பரவுகிறது. "நான் உங்கள சொல்லல சார்" என்கிறார் அந்த அம்மாள், மாடிப்படியில் எனக்கு வழிவிடாமல் நின்றுகொண்டு.

நேற்றுக் காலை குளிக்கும்போது, சுவருக்குள் ஏதோ கசியும் ஓசை கேட்டதுபோல் இருந்தது. குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தேன். கீழ் வீட்டிலும் குழாயை மூடும் சத்தம் கேட்டது.