கடிகாரம் ஓடாத பாறை

என் அண்ணன் கம்ப்யூட்டரில் எந்த பட்டனைத் தொடுவதற்கு முன்னாலும் என்னைப் பார்த்து, "அழுத்தட்டுமா?" என்று கேட்பான். நான் தலையாட்டிய பிறகுதான் அழுத்துவான். அழுத்திய மறுநொடி, காய்ந்த தோசைக்கல்லைத் தொட்டவன் மாதிரி கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வான். இது என்ன கடித்து வைக்கப் போகிறதா என்று நான் கேலி செய்வேன். கம்பெனியில் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிற பிரஸ் மெஷினை ஓட்டுகிறவன், ஒரு கீபோர்டுக்கு இந்தப் பயம் பயப்படுகிறானே என்று எனக்கு ஒரே வேடிக்கை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. ஓசூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி ஏசி அறைக்குள் போக வேண்டிய காலம். காலையிலும் மாலையிலும் பிள்ளைகள் வருவார்கள். மத்தியானம் மெஷின்கள் எல்லாம் சும்மா கிடக்கும். கோடை விடுமுறைக்குப் புதுப் பிள்ளைகளை இழுக்க ஒரு கேம் இருந்தால் நன்றாயிருக்கும் என்று முதலாளி சொல்லப்போக, அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

கதை சிம்பிள். ஓர் ஆள் அஞ்செட்டிக் காட்டில் வழி தவறிவிடுகிறான், உயிரோடு ஊர் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். திரையின் மேல் ஓரத்தில் தண்ணீர், சாப்பாடு, உடம்புச் சூடு என்று மூன்று கோடுகள் இருக்கும். நேரம் ஓட ஓட அவை தேய்ந்துகொண்டே வரும், ஒன்று தீர்ந்தாலும் ஆள் காலி. கலர் எல்லாம் கிடையாது. கறுப்புத் திரையில் மனிதனுக்கு ஓர் எழுத்து, யானைக்கு ஓர் எழுத்து. யானை வரும்போது மட்டும் ஸ்பீக்கர் கர்ரென்று கத்தும்.

அதை ஆடிப் பார்க்க எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அண்ணன் கம்பெனியில் அப்போது கதவடைப்பு. ஏதோ போனஸ் தகராறு என்று சொல்லியிருந்தான். கதவடைப்பானாலும் அவர்களுக்கு ஷிப்ட் உண்டு. கம்பெனி கேட்டுக்கு எதிரில் யூனியன் பந்தல் போட்டிருந்தது. முதல் ஷிப்ட்காரன் முதல் ஷிப்ட் நேரத்துக்கு வந்து பந்தலில் உட்கார வேண்டும், இரண்டாம் ஷிப்ட்காரன் வந்துதான் அவனை எழுப்பிவிடுவான். அதனால் எங்கள் சூளகிரி வீட்டில் எதுவும் மாறவில்லை. பந்தலில் உட்கார்ந்தாலும் பசிக்கத்தானே செய்யும் என்று அம்மா விடியுமுன்னே எழுந்து டிபன் பாக்ஸ் கட்டுவாள். யூனிபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டு அண்ணன் கிளம்பிவிடுவான். மத்தியானம் பந்தலில் இருந்து நேராக என் சென்டருக்கு வந்து, செருப்பை ஓரமாக விட்டுவிட்டு உட்காருவான்.

ஆனால் ஆட்டத்தில் அவன் சீக்கிரம் செத்துப்போனான். யானைக்குத் தப்பினால் தாகத்தில் போவான், தண்ணீர் கிடைத்தால் குளிரில் போவான். முகம் வாடிவிடும். பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால் காட்டுக்குள்ளேயே சின்னச் சின்ன ஆட்டங்களை வைத்தேன். ஓடைக்குப் போனால் மீன் பிடிக்கலாம். புளியமரத்தடிக்குப் போனால் கல்லெறிந்து காய் அடிக்கலாம். காட்டின் நடுவில் ஒரு பாறை. அதன் நிழலில் ஆடுபுலி ஆட்டம். எங்கள் பக்கத்துப் பாறைகளில் மாடு மேய்க்கிறவர்கள் கட்டம் செதுக்கி வைத்திருப்பார்களே, அதையே கோடு கோடாக வரைந்தேன். புலிகள் கம்ப்யூட்டருக்கு, ஆடுகள் ஆடுகிறவனுக்கு. புலிகளை மடக்கிவிட்டால் ஓர் உருண்டை ராகிக் களி, சாப்பாட்டுக் கோடு கொஞ்சம் நீளும்.

அப்போது ஒரு கேள்வி வந்தது. பாறையில் ஆடிக்கொண்டிருக்கும்போது காட்டின் கடிகாரம் ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா? ஓடினால் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஆள் தாகத்தில் செத்துவிடுவான். விளையாடுகிறவன் சாகக் கூடாது என்பது என் கட்சி. நிறுத்திவிட்டேன்.

அண்ணன் பாறையை விட்டு எழவே மாட்டேன் என்றான். ஓர் ஆட்டம் ஜெயித்தால் உடனே அடுத்தது. களி உருண்டையை வாங்கிக்கொண்டு காட்டுக்குள் போ, ஊர் போய்ச் சேரு என்று எவ்வளவு சொன்னாலும், "இரு பாப்பா, இன்னும் ஒண்ணு" என்பான். முதலாளி ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, பிழைக்கிற ஆட்டம் எழுதச் சொன்னால் சீட்டாட்ட கிளப் திறந்து வைத்திருக்கிறாயே என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மாற்றவில்லை. வேலையில்லாத மனுஷன் நிம்மதியாக ஓர் இடத்தில் உட்கார்ந்தால் இவருக்கு எங்கே வலிக்கிறது என்று முனகிக்கொண்டேன். கம்பெனி எப்போது திறக்குமாம் என்று அண்ணனைத் தினமும் கேட்பேன். "பேசிட்டிருக்காங்க" என்பான், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

இப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டது. ஒரு வியாழக்கிழமை காலை சூளகிரி பஸ் ஸ்டாப்பில் ஓசூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அண்ணன் வழக்கம்போல இருட்டிலேயே கிளம்பிப் போயிருந்தான். அவனோடு ஒரே மெஷினில் வேலை செய்கிறவர், எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறவர், கூட்டத்தில் இருந்து என்னிடம் வந்தார். அம்மாவை விசாரித்தார். பிறகு, அண்ணனுக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

உடம்புக்கு ஒன்றுமில்லையே, பந்தலுக்குப் போயிருக்கிறான் என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எந்தப் பந்தல்மா? பந்தல் பிரிச்சு பத்து நாளாச்சு. கேட் தொறந்தாச்சு. எல்லாரும் உள்ள போயாச்சு, அவன் ஒருத்தன்தான் வரல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து நாளாக அம்மா விடியுமுன்னே எழுந்து கட்டிய டிபன் பாக்ஸ் கண்முன் வந்து நின்றது. அவன் எங்கே உட்கார்ந்து அதைச் சாப்பிட்டான் என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் பேசிக்கொண்டே போனார். வருகிற சனிக்கிழமையோடு கெடு முடிகிறதாம், அதற்குள் போய் ஆபீசில் நிற்காவிட்டால் பேரை எடுத்துவிடுவார்களாம். அண்ணனிடம் நேரில் சொல்லலாம் என்றால், சாயங்காலம் ஓசூரில் இவரைக் கண்டதும் வேறு பஸ்ஸில் ஏறிவிடுகிறானாம். இவருக்கு இப்போது ஸ்டோரில் வேலை, ஜெனரல் ஷிப்ட்.

நல்ல ஆபரேட்டரை எதற்கு ஸ்டோரில் போட்டார்கள் என்று கேட்டேன். அதுவரைக்கும் அவர் வலது கையைத் துண்டுக்குள் வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. துண்டை விலக்கினார். கட்டைவிரல் இருந்தது, சுண்டுவிரல் இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

பக்கத்தில் இருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"வீட்ல சொல்லலியா அவன்?" என்றார். "இதுக்காகத்தாம்மா நம்மாளுங்க மெஷின நிறுத்துனாங்க, அதுக்குத்தான் கம்பெனிக்காரன் கதவ அடைச்சான். தகடு பெருசு, ரெண்டு பேர் ஓட்டற வேலை. நான் தகடு வைப்பேன், உங்கண்ணன் பெடல் மிதிப்பான். நான் 'ம்'னு சொன்னேன், அவன் மிதிச்சான். தகடு கோணலா இருந்துச்சு, சொன்னப்புறம் நான்தான் கைய மறுபடி விட்டேன். அவம்மேல தப்பே இல்ல. இப்ப மெஷினுக்குக் கூண்டு போட்டுட்டாங்க, கை உள்ள போகாது. நானே போறேன், அவனுக்கு என்னா? வரச் சொல்லும்மா."

பஸ் வந்தது. ஓசூர் வரைக்கும் என்ன நினைத்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. சென்டர் போய்ச் சேர்ந்தபோது அதிர்ச்சி எல்லாம் கோபமாகிவிட்டிருந்தது. இத்தனை பெரிய விஷயத்தை மூன்று மாதமாக வாய்க்குள் அடக்கி வைத்துக்கொண்டு, என் முன்னால் உட்கார்ந்து ஆடு மேய்த்திருக்கிறான். எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. புரோகிராமைத் திறந்தேன். பாறையில் கடிகாரத்தை நிறுத்துகிற வரியைத் தேடி அழித்தேன்.

மத்தியானம் அவன் வந்தான். யூனிபார்ம் சட்டை, கையில் காலி டிபன் பாக்ஸ். நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. நேராகப் பாறைக்குப் போனான். நன்றாகத்தான் ஆடினான். ஒவ்வோர் ஆட்டையும் நகர்த்துவதற்கு முன் அந்த "அழுத்தட்டுமா?" வேறு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். கடைசிப் புலியையும் மடக்கிவிட்டு, களி உருண்டைக்காகக் காத்திருந்தான். திரை அழிந்தது. உங்கள் ஆள் தாகத்தால் இறந்துவிட்டான் என்ற வரி வந்தது.

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான். இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். ஓர் ஆட்டத்துக்கு எந்த மனுஷனும் அப்படிப் பதறி நான் பார்த்ததில்லை. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நான் கேட்டுத்தானே அழுத்துனேன்," என்றான். "நீ சரின்னுதானே சொன்னே?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கீபோர்டைக் கண்டு அவன் என்றைக்குமே பயப்படவில்லை. மூன்று மாதமாக நான் எதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கவே உடம்பு கூசியது.

காலையில் அவரைப் பார்த்ததைச் சொன்னேன். அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன், தப்பு அவன்மேல் இல்லை என்பதை இரண்டு தரம் சொன்னேன். சனிக்கிழமைக் கெடுவையும் சொன்னேன். அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"கையப் பாத்தியா?"

பார்த்தேன் என்றேன். அவன் உட்கார்ந்து அழுதான். அண்ணன் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்றும் மறுநாளும் அவன் வேலைக்குப் போகிறேன் என்றும் சொல்லவில்லை, போக மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மாவிடம் எதையும் சொல்லாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டான். அந்த வேலை போனால் அவனுக்கு வேறு வேலை கிடைத்துவிடும். ஆனால் இப்போது போகாமல் விட்டால், இனி எந்த கேட்டுக்குள்ளும் அவன் போக மாட்டான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

சனிக்கிழமை அவன் இருட்டில் கிளம்பவில்லை. நான் புறப்படுகிற நேரத்துக்கு என்னோடு வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் திரும்பிவிடுவானோ என்று பயமாக இருந்தது.

பஸ் நிறைந்து வழிந்தது. கிருஷ்ணகிரியில் இருந்து வருகிற பஸ் அந்த நேரத்தில் எப்போதும் அப்படித்தான். படிக்கட்டு வரைக்கும் ஆட்கள். முன் வாசல் பக்கமாக நின்றிருந்த அண்ணனின் மெஷின் கூட்டாளி முண்டியடித்து ஏறிவிட்டார், படியில் நின்று திரும்பிப் பார்த்தார். அண்ணன் கீழேயே நின்றான். கண்டக்டர் தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம் ஏறச் சொல்லிக் கத்தினார். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் வலது கையைக் கீழே நீட்டினார். துண்டு இல்லை. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் விரிந்திருந்தன.

அண்ணன் மரம் மாதிரி நின்றான். விசில் அடித்துவிட்டார்கள். பஸ் நகர ஆரம்பித்தது. அவன் கூடவே இரண்டடி நடந்தான், அந்தக் கையையே பார்த்தபடி.

"புடிக்கட்டுமா?" என்றான்.

"ம்," என்றார் அவர்.

பிடித்தான். அவர் இழுத்துப் படியில் ஏற்றிக்கொண்டார். நானும் அதே பஸ்ஸில்தான் போக வேண்டியவள். அது எனக்கு ஞாபகம் வந்தபோது பஸ் ஓசூர் ரோட்டில் வெகுதூரம் போயிருந்தது.